படிவம் திறக்கும் முன்பே எழுதப்பட்டுவிடும் கணக்கு

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்து, அமெரிக்காவில் வேரூன்றிய பெற்றோரின் மனத்தில் கல்லூரிச் சேர்க்கை என்றால் ஒரு படம் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் வரும், கட்-ஆஃப் போடுவார்கள், கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள், இடம் கிடைத்த பிறகு கட்டணத்துக்கு ஓடலாம். கடைசி வருடம் நன்றாகப் படித்தால் போதும் என்பது அந்தப் படத்தின் அடிப்படை. அந்த நம்பிக்கையோடு பிள்ளை பன்னிரண்டாம் கிரேடு போகும்வரை காத்திருக்கும் குடும்பங்கள், அந்த அக்டோபரில் படிவங்களைத் திறந்து உட்காரும்போதுதான் விஷயம் புரிந்து திகைத்துப் போகின்றன. அங்கே கேட்கப்படும் எண்களில் பெரும்பாலானவை கல்லூரி சேரும் ஆண்டுக்கு இரண்டு வருடம் முந்தையவை. இனி மாற்ற முடியாதவை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், பணம் பற்றிய பேச்சு என்பதால் நண்பர்கள்கூட வாய் திறப்பதில்லை. எந்தக் கல்லூரி என்று சொல்வார்கள், எவ்வளவு கட்டுகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். இந்த வழியைத் துணையில்லாமல் கடந்தவர்கள் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதை யாராவது இரண்டு வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது கிரேடில் இருக்கும் வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. மத்திய அரசின் உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா, பன்னிரண்டாம் கிரேடின் அக்டோபரில் திறக்கும். அக்டோபர் 1-க்குள் திறந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது. ஆனால் அது கேட்கும் வருமானம் கல்லூரி சேரும் வருடத்துடையதல்ல, அதற்கு முந்தைய வருடத்துடையதும் அல்ல. 2028 இலையுதிர் காலத்தில் கல்லூரி சேரும் பிள்ளைக்கு 2026-ஆம் ஆண்டின் வரித் தாக்கல்தான் கணக்கு, அதுவே அடிப்படை ஆண்டு. அதாவது பத்தாம் கிரேடின் நடுவில் வரும் ஜனவரி 1 தொடங்கி, பதினோராம் கிரேடின் நடுவில் வரும் டிசம்பர் 31 வரை. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு டாலரும் முதல் வருட உதவியைத் தீர்மானிக்கிறது. ஃபாஃப்சா ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டியது என்பதால் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளும் இதே மாதிரி இரண்டு வருடம் பின்னால் போகும். நான்கு வருடத்தில் படிப்பு முடிகிறது, வீட்டில் வேறு சிறிய பிள்ளை இல்லை என்றால், கல்லூரி இரண்டாம் வருடத்தின் ஜனவரிக்குப் பிறகு வரும் வருமானத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த ஒரு காலக்கோட்டை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாலே பாதி இழப்பைத் தவிர்த்துவிடலாம்.

அந்த இழப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். பிள்ளை பதினொன்றாவது போகிறாள், கல்லூரிச் செலவு வருகிறது, ஊரில் இருக்கும் மனையை விற்றுப் பணம் சேர்த்துவைப்போம் என்று பொறுப்புள்ள பெற்றோர் நினைப்பது இயல்பு. அதே நினைப்பில் கம்பெனிப் பங்குகளை விற்கிறவர்களும் உண்டு. அந்த லாபம் சரியாக அடிப்படை ஆண்டுக்குள் வருமானமாக விழுகிறது. பெற்றோரின் வருமானத்தில் குடும்பச் செலவுக்கென்று ஒரு தொகையை விலக்கிய பிறகு மிஞ்சுவதில், மேல் அடுக்கில் 47 சதவீதம் வரை கல்லூரிக்குக் கொடுக்க முடிந்த பணமாக ஃபாஃப்சா எடுத்துக்கொள்கிறது. விற்ற லாபத்தில் வரி போக 34,000 டாலர் நின்றால், அந்தக் குடும்பத்தின் எஸ்ஏஐ எனப்படும் மாணவர் உதவிக் குறியீடு ஏறக்குறைய 16,000 டாலர் வரை ஏறும், அது ஏற ஏற உதவி குறையும். உதவி கிடைக்கும் நிலையில் இருந்த வீடு, பிள்ளைக்காகச் செய்த காரியத்தாலேயே அந்த ஆண்டு உதவியை இழக்கும். விற்பதாக இருந்தால் பத்தாம் கிரேடின் டிசம்பருக்குள் முடிக்க வேண்டும், அல்லது தள்ளிப்போட வேண்டும். ஓய்வூதியக் கணக்கை, வரியை முன்னதாகவே கட்டிவிடும் ராத் கணக்காக மாற்றுவதும் இதே வகைதான், வருமானமாகவே தெரியும். ஏற்கெனவே விற்றாகிவிட்டது என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அடுத்தது, பணம் யார் பெயரில் இருக்கிறது என்பது. பிள்ளை பிறந்தபோது ஆசையாக அவன் பெயரில் கணக்குத் தொடங்கி, பிறந்தநாள் பணம், தாத்தா பாட்டி கொடுத்தது எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்போம். யுடிஎம்ஏ என்ற காப்பாளர் கணக்கு அப்படிப்பட்டது. சட்டப்படி அது பிள்ளையின் சொத்து. பிள்ளையின் சொத்தில் 20 சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் கல்லூரிக்கென்று கணக்கிடுகிறார்கள், பெற்றோரின் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். அதே 20,000 டாலர் பிள்ளை பெயரில் இருந்தால் 4,000 டாலர், பெற்றோர் பெயரில் இருந்தால் 1,128 டாலர். வருடத்துக்கு 2,872 டாலர் வித்தியாசம், வெறும் பெயரால். பிள்ளையின் பணத்தை நாம் எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் அதை விற்று அதே பிள்ளைக்கான காப்பாளர் 529 கணக்கில், அதாவது கல்விச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கில் போடலாம். அப்போது ஃபாஃப்சா அதைப் பெற்றோர் சொத்தாகவே எண்ணும். விற்கும்போது வரும் லாபமும் அடிப்படை ஆண்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்பதால் இதை ஒன்பதாம் கிரேடிலேயே செய்வது நல்லது. 401(கே), ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியக் கணக்குகளில் இருக்கும் தொகையையும் குடியிருக்கும் வீட்டையும் ஃபாஃப்சா தொடுவதில்லை. ஆனால் ஊரில் இருக்கும் மனை, வாடகைக்கு விட்ட அடுக்குமாடி வீடு, என்ஆர்இ வைப்புத்தொகை ஆகியவை எல்லாம் எழுத வேண்டியவை. அமெரிக்காவில் இல்லையே என்று விட்டுவிடுவது தவறான தகவல் கொடுப்பதாகும். கடன் போக இன்றைய மதிப்பைப் போட வேண்டும், வாங்கிய விலையை அல்ல. வருமானம் பழைய ஆண்டுடையது, சொத்தோ படிவத்தில் கையெழுத்திடும் அன்றைய நிலவரம். அதனால் எப்படியும் கட்டப்போகும் கிரெடிட் கார்டு பாக்கி, கார் கடன் போன்றவற்றைப் படிவம் போடுவதற்கு முந்தின வாரமே கட்டிவிடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லோரும் சொத்தை இடம் மாற்ற ஓட வேண்டியதில்லை. உங்கள் குடும்பம் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். மத்திய அரசின் உதவிப் பணத்தில் பங்கேற்கும் கல்லூரிகள் எல்லாமே தங்கள் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணிப்பான், அதாவது நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 அக்டோபரிலிருந்து கட்டாயம். ஒன்பதாம் கிரேடிலேயே, உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, பெரிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்று, நடுத்தரத் தனியார் கல்லூரி ஒன்று என மூன்றில் போட்டுப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போகும் ஐடி குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் தேவை அடிப்படையிலான உதவி எதுவும் வராது. பெல் கிராண்ட் என்கிற அரசு மானியம் 2025-26-இல் அதிகபட்சமே 7,395 டாலர், அதுவும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. ஹார்வர்டு 2025-26 முதல் 2 லட்சம் டாலர் வருமானம் வரை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்தது, எம்ஐடியும் அப்படியே. ஆனால் இவை எல்லாம் வழக்கமான அளவு சொத்து உள்ளவர்களுக்கு என்ற நிபந்தனையோடு. தவிரவும், அங்கே இடம் கிடைப்பதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. ஐவி லீக் கல்லூரிகள் எட்டுமே மதிப்பெண்ணுக்காகவோ திறமைக்காகவோ ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. பையன் நன்றாகப் படிக்கிறான், ஸ்காலர்ஷிப் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

தேவை அடிப்படையில் உதவி வராத வீட்டுக்கு மிச்சமிருப்பது மெரிட் ஸ்காலர்ஷிப். எந்தக் கல்லூரி உண்மையிலேயே கொடுக்கிறது என்பதை விளம்பரத் துண்டறிக்கையில் தேடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வருடந்தோறும் வெளியிடுகின்றன. அதில் எச்2ஏ பகுதியைத் திறந்தால், தேவை இல்லாத எத்தனை மாணவர்களுக்கு மெரிட் பணம் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்பது இருக்கும். சி7 பகுதியில் சேர்க்கையின்போது எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று இருக்கும். காசு கொடுத்து ஆலோசகரிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இந்த இரண்டு பக்கங்களே பதில் சொல்லிவிடும். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் ஜிபிஏ எனும் பள்ளி மதிப்பெண் சராசரிக்கும் சாட் எனும் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் இவ்வளவு டாலர் என்று அட்டவணையே வெளியிடுகிறார்கள், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மேற்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு டபிள்யூயுஇ என்ற ஏற்பாடு உண்டு. பக்கத்து மாநிலத்தின் பங்கேற்கும் பல்கலைக்கழகத்தில், உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். தெற்கிலும் மத்திய மேற்கிலும் இதுபோன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன.

தனியார் கல்லூரிகளில் பல, ஃபாஃப்சாவோடு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். ஒரு லட்சம் டாலருக்குள் வருமானம் உள்ள வீடுகளுக்கு இலவசம். இது ஃபாஃப்சாவைவிட ஆழமாகத் தோண்டும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக்கூடச் சில கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் எடுப்பதில்லை. ஒரே ஒரு ஆறுதல், இதில் விளக்கம் எழுத இடம் உண்டு. ஊரில் அம்மா அப்பாவின் மருத்துவத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதை ஃபாஃப்சாவில் எங்கேயும் சொல்ல முடியாது. இங்கே சிறப்புச் சூழல் பகுதியில் எழுதலாம். அதற்குப் பணம் அனுப்பிய ரசீதுகளை அந்த அடிப்படை ஆண்டு முழுவதும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் முன்பு ஃபாஃப்சா தொகையைப் பிரித்துப் போடும். 2024-25 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. சிஎஸ்எஸ் கேட்கும் கல்லூரிகள் பல இன்னும் அதைக் கவனத்தில் எடுக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீடும், இரண்டு வயது இடைவெளி உள்ள வீடும் இதைக் கணக்கில் வைத்தே பட்டியல் போட வேண்டும்.

விசா பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, நம்மவர்களின் பெரிய வேதனை அதுதான். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில் இருக்கும் பிள்ளை இரண்டு வயதிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் மத்திய அரசின் மானியமோ கடனோ கிடையாது. கிரீன் கார்டுக்கான விண்ணப்பமான ஐ-485 போட்டுக் காத்திருப்பதும் போதாது, கிரீன் கார்டு கைக்கு வந்திருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நகராத வேகத்தைப் பார்த்தால், பத்தாம் கிரேடில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது ஆவதற்குள் வருமா என்ற பயம் ராத்தூக்கத்தைக் கெடுக்கும். அந்தப் பயம் நியாயமானது. அதோடு கையில் இருக்கும் வழிகளையும் பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் எச்-4 பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் பதினோராம் கிரேடிலேயே பல்கலைக்கழகத்தின் குடியிருப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தனியார் கல்லூரிகள் உதவி விஷயத்தில் எச்-4 மாணவரை வெளிநாட்டு மாணவராக வைத்துப் பார்ப்பது வழக்கம். பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், பௌடன் போன்ற சிலவற்றில் மட்டும் அந்தப் பாகுபாடு இல்லை. இன்னொன்று: கல்லூரி நடந்துகொண்டிருக்கும்போது கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தக் கல்வி ஆண்டுக்கே ஃபாஃப்சா போடலாம். ஆண்டு முடியும் ஜூன் 30 வரை அவகாசம் இருக்கிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு ஒரு வருட உதவியைத் தொலைக்காதீர்கள்.

படிப்புப் பக்கத்துக்கு வருவோம். இங்கே மூடும் முதல் கதவு கணிதம், அது மூடுவது ஆறாம் ஏழாம் கிரேடில். அல்ஜீப்ரா 1 பாடத்தை எட்டாம் கிரேடில் எடுக்கும் பிள்ளை ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் கடந்து பன்னிரண்டில் கால்குலஸ் போகும். ஒன்பதில் எடுத்தால் பன்னிரண்டில் பிரீகால்குலஸோடு நின்றுவிடும். பொறியியல், கணினி அறிவியல் விண்ணப்பத்துக்கு அது பெரிய குறை. எட்டுக்கான பாடத் தேர்வு நடக்கும் ஏழாம் கிரேடின் வசந்தத்திலேயே பள்ளியில் பேசுங்கள். தவறிவிட்டது என்றால் ஒரு கோடை விடுமுறையில் ஜியோமெட்ரியை முடிக்கலாம், அல்லது ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் ஒரே வருடம் எடுக்கலாம். பள்ளி அந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஒன்பதாம் கிரேடு மதிப்பெண்ணும் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். புதுப் பள்ளி, பழகட்டும் என்று அந்த வருடத்தை விட்டுக்கொடுக்க முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்போ ஜிபிஏ கணக்குக்குப் பத்து, பதினொன்று இரண்டை மட்டும் பார்க்கிறது. அது சாட் மதிப்பெண்ணையும் பார்ப்பதில்லை.

பதினோராம் கிரேடின் அக்டோபரில் வரும் பிசாட் தேர்வைப் பயிற்சித் தேர்வு என்று நினைத்து விடுகிறவர்கள் அதிகம். பத்தாவதில் எழுதினால் அது பயிற்சிதான். பதினொன்றில் எழுதுவது நேஷனல் மெரிட் என்ற நாடு தழுவிய உதவித்தொகைப் போட்டி, அந்த வாய்ப்பு ஒரே முறை. அரையிறுதிக்கு நாடு முழுவதும் சுமார் 16,000 பேரை எடுக்கிறார்கள், தகுதி மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே நம் வீடுகள் கவனிக்காத ஒரு நுணுக்கம்: தேர்வுக் குறியீட்டில் ஆங்கிலத்தின் மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணிதத்தைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள். ஆங்கிலம் 680, கணிதம் 760 வாங்கிய பிள்ளைக்கு 212. அதையே திருப்பி ஆங்கிலம் 760, கணிதம் 680 என்றால் 220. மொத்தம் இரண்டுக்கும் 1440-தான். வருடக்கணக்கில் கணித டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வாசிப்பை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் இந்த எட்டுப் புள்ளிகளில்தான் வந்து நிற்கும். நேஷனல் மெரிட் நேரடியாகத் தரும் பரிசு 2,500 டாலர்தான், ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு அலபாமா, டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவை தரும் தொகை அதைவிடப் பல மடங்கு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இதில் கலந்துகொள்ளக் குடியுரிமை ஒரு தடையல்ல. எச்-4 என்பதால் கிடையாது என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. சாட் தேர்வைப் பொறுத்தவரை, தேவையில்லை என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது. எம்ஐடி 2022-இலும், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு 2024-இலும் தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்கப்போவதாக அறிவித்தன. பதினொன்றின் மார்ச்சில் முதல் முறை எழுதினால், ஆகஸ்டில் இரண்டாம் முறை எழுத இடம் இருக்கும்.

பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியது பதினோராம் கிரேடின் மே மாதத்தில், விடுமுறைக்கு முன்னால். செப்டம்பரில் போய் நின்றால் நல்ல ஆசிரியர்களிடம் ஏற்கெனவே பட்டியல் நிறைந்திருக்கும். பள்ளிக் கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள், உங்கள் பிள்ளையை அவருக்கு முகம்கூடத் தெரியாமல் இருக்கலாம். பத்தாவதிலிருந்தே வருடம் இரண்டு முறையாவது பிள்ளை தானாகப் போய்ப் பேசட்டும், பெற்றோர் போய்ப் பேசுவது அதற்கு ஈடாகாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து வரி, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்து, கூடவே வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம். நான்கு வருடத்துக்குப் பிறகு இது யாருக்கும் நினைவிருக்காது. ஒன்பதாவதிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்தது, தம்பியை தினமும் பார்த்துக்கொண்டது எல்லாமே அதில் சேரும். வீட்டுப் பொறுப்பை நாம் சாதனையாக எண்ணுவதில்லை, ஆனால் விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு வகையே இருக்கிறது.

பன்னிரண்டாம் கிரேடின் ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் திறக்கும். அந்த மாதத்திலேயே செய்ய வேண்டிய, யாரும் சொல்லாத வேலை ஒன்று உண்டு: பெயரைச் சரிபார்ப்பது. நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இனிஷியல் விரிந்து வேறு மாதிரி, பள்ளியில் இன்னொரு மாதிரி என்று இருக்கும். ஃபாஃப்சா கணக்கில் போடும் பெயரும் பிறந்த தேதியும் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். திருத்த வாரங்கள் போகும், மாநில உதவிக்கான கெடு அதற்குள் கடந்துவிடும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, பெற்றோருக்குத் தனிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு மின்னஞ்சல், வேறு தொலைபேசி எண் வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வரித் தாக்கல் செய்தவர்கள் என்றால் ஒருவர் சேர்ந்தால் போதும், தனித்தனியாகச் செய்தவர்கள் என்றால் இருவரும் வேண்டும். வரி விவரத்தை ஐஆர்எஸ்ஸிடமிருந்து நேரடியாக எடுக்க ஒப்புதல் கேட்கும் இடத்தில் மறுத்தால் மத்திய உதவி எதுவுமே கிடையாது. ஓய்வூதியச் சேமிப்பைத் தவறுதலாக முதலீடு என்ற கட்டத்தில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை, லட்சக்கணக்கான டாலரைத் தேவையில்லாமல் சொத்தாகக் காட்டிவிடும். படிவம் இலவசம். நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். மெரிட் பணத்தின் கெடு சேர்க்கையின் கெடுவைவிட முன்னால் வருவதும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்திலும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் நவம்பர் 1-க்குள் போட்டவர்களைத்தான் பெரும்பாலும் அதற்குப் பார்க்கிறார்கள்.

ஏர்லி டெசிஷன் என்ற கட்டுப்படுத்தும் விண்ணப்பத்தில் பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவி போதவில்லை என்றால் விடுவித்துவிடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் மற்ற கல்லூரிகள் தரும் தொகையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசும் வாய்ப்பு போய்விடும். முழுத்தொகையும் கட்டத் தயாரான வீடும், கணிப்பான் காட்டிய எண் தாங்கக்கூடியதாக இருக்கும் வீடும் இதில் போகலாம். மெரிட் பணத்தை நம்பியிருக்கும் வீடு கையெழுத்திடக் கூடாது என்பதே என் கருத்து.

மார்ச் கடைசியில் கடிதங்கள் வரும். இந்த வழியிலேயே மனம் உடையும் இடம் இதுதான். ஆசைப்பட்ட கல்லூரி கிடைத்துவிட்டது என்று பிள்ளை துள்ளிக்கொண்டிருக்கும்போது, வருடத்துக்கு 90,000 டாலர், நான்கு வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் என்று அம்மாவும் அப்பாவும் சமையலறையில் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். முடியாது என்று அப்போது சொல்வது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. முடியும் என்று சொல்லி ஓய்வுக்காலச் சேமிப்பை உடைப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் கொடுமை. இந்த உரையாடல் பதினோராம் கிரேடின் தொடக்கத்தில், கல்லூரிப் பட்டியல் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். வருடத்துக்கு எங்களால் இவ்வளவு முடியும் என்று ஒரு எண்ணைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் வழக்கம் நமக்கு இல்லை, கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணோடு தேடும் பிள்ளை கொஞ்சமும் மனம் தளராமல் நல்ல பட்டியல் போடும். தெரியாமல் தேடிய பிள்ளைதான் ஏப்ரலில் அழும்.

கடிதத்தைப் படிக்கும்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மொத்தச் செலவிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டாத பணத்தை மட்டும் கழியுங்கள். கடனையும் உதவி என்ற தலைப்பிலேயே போட்டுக் கூட்டிக் காட்டும் கடிதங்கள் உண்டு. பிள்ளை பெயரில் வரும் அரசுக் கடன் முதல் வருடம் 5,500 டாலர்தான், நான்கு வருடத்திலும் சேர்த்து 27,000 டாலர். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடனுக்கு, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு, ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மீதியை வங்கிக் கடனில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதற்கு முன் வட்டியைப் பாருங்கள். வொர்க்-ஸ்டடி தொகை கட்டணத்தில் கழியாது, பிள்ளை வேலை செய்த பிறகு சம்பளமாக வரும். மெரிட் தொகை நான்கு வருடமும் தொடர எந்த ஜிபிஏ வேண்டும் என்பதையும் கேளுங்கள். பொறியியலில் முதல் வருடம் 3.5-ஐக் காப்பாற்றுவது எளிதல்ல. வெளி அமைப்புகள் தரும் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அந்த அளவுக்குத் தன் மானியத்தைக் குறைக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஐம்பது கட்டுரை எழுதுவதற்கு முன் அந்த விதியைக் கேட்டுவிடுங்கள்.

முன்பு சொன்ன வழி இங்கேதான் வருகிறது. அடிப்படை ஆண்டுக்குப் பிறகு வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது, அல்லது அந்த ஆண்டின் வருமானத்தில் மனை விற்ற பணம் ஒரே முறை வந்தது என்றால், நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். புரொஃபஷனல் ஜட்ஜ்மெண்ட் என்று அதற்குப் பெயர், எண்களை மாற்றும் அதிகாரம் சட்டப்படி அந்த அலுவலருக்கு இருக்கிறது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன நடந்தது, எந்தத் தேதியில், எவ்வளவு டாலர் வித்தியாசம், அதற்கு ஆதாரம் எது என்பது மட்டும் இருக்க வேண்டும். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, விற்பனைப் பத்திரத்தின் ஆங்கில நகல் இவற்றை இணையுங்கள். இன்னொரு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். பேசவேண்டியது நிதியுதவி அலுவலகத்தோடு, சேர்க்கை அலுவலகத்தோடு அல்ல. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள், மே 1 முன்பணம் கட்டும் கெடு என்பதால் கடைசி வாரத்தில் அனுப்பினால் பதில் வருவதற்குள் நாள் போய்விடும்.

சேர்ந்த பிறகும் சில வேலைகள் இருக்கின்றன. கூட்டு வருமானம் 1,60,000 டாலருக்குள் இருக்கும் வீட்டுக்கு அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகை வருடம் 2,500 டாலர் வரை, நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 1,80,000 வரை படிப்படியாகக் குறையும். அதைப் பெற 4,000 டாலர் கட்டணத்தை 529 கணக்கிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து கட்டியிருக்க வேண்டும், ஒரே செலவுக்கு இரண்டு சலுகை கிடையாது. முழுக் கட்டணத்தையும் 529-இலிருந்தே கட்டிவிட்டு இந்த 10,000 டாலரைக் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் மதிப்பெண், கட்டணக் கணக்கு எதையும் பிள்ளையின் எழுத்து அனுமதி இல்லாமல் பெற்றோரிடம் பொதுவாகக் காட்ட மாட்டார்கள், பணம் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும். 18 வயது ஆகிவிட்டால் மருத்துவமனையிலும் அப்படியே, தகவல் கேட்டு நீங்கள் போன் செய்தால் சொல்ல மாட்டார்கள். விடுதிக்குக் கொண்டுபோய் விடுவதற்கு முந்தின வாரம், கல்லூரித் தளத்தில் பெற்றோருக்கான அனுமதியையும், மருத்துவத் தகவலுக்கான அனுமதிப் படிவத்தையும் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டு, நகல் ஒன்றை உங்கள் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.